அறியாத மொழியில் அனுப்பிய சொல்

தமக்குப் படிக்கத் தெரியாத மொழியில் ஒருவர் இன்னொருவருக்கு ஒரு வாக்கியம் அனுப்பினால், அதைச் சொன்னவர் யார்? இணைய அரட்டைக்குள் இலவச மொழிபெயர்ப்புச் சேவைகள் நுழைந்த பிறகு இந்தக் கேள்வி தத்துவ வகுப்பை விட்டு வெளியே வந்துவிட்டது. தமிழில் தட்டச்சு செய்தவர் 'அனுப்பு' பொத்தானை அழுத்துகிறார். கொரியாவிலோ பிரேசிலிலோ இருப்பவர் அதைத் தம் மொழியில் படிக்கிறார். அனுப்பியவருக்குத் தாம் எழுதியது தெரியும், போய்ச் சேர்ந்தது தெரியாது. பெற்றவருக்கு வந்தது தெரியும், எழுதப்பட்டது தெரியாது. இரண்டையும் கையாண்ட இயந்திரத்துக்கு எதுவும் 'தெரியும்' என்று சொல்லலாமா என்பதே இன்னும் தீராத வழக்கு.

மனிதர் நடுவில் நின்ற காலத்தில் இந்தச் சிக்கல் இவ்வளவு கூர்மையாக இல்லை. 18ஆம் நூற்றாண்டுப் புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையை எல்லோருக்கும் தெரியும். அவர் சொன்னது தவறாகப் பட்டால் அவரையே கேட்கலாம். துபாஷிகள் எல்லோரும் யோக்கியர்கள் என்று யாரும் சாதித்ததில்லை. தன் இலாபத்துக்காகச் சொல்லை வளைத்தவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். ஆனாலும் பிழைக்கும் வஞ்சகத்துக்கும் பொறுப்பேற்க ஓர் ஆள் இருந்தார். இயந்திரம் வந்தபோது காலியானது அந்த ஆளின் இடம்தான்.

இயந்திர மொழிபெயர்ப்பின் முதல் பொதுக்காட்சி 1954 ஜனவரி 7 அன்று நியூயார்க்கில் நடந்தது. ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகமும் ஐபிஎம் நிறுவனமும் சேர்ந்து, 250 சொற்களையும் 6 இலக்கண விதிகளையும் மட்டும் வைத்துக்கொண்டு, ரஷ்ய வாக்கியங்கள் சிலவற்றை ஆங்கிலமாக்கிக் காட்டின. சில ஆண்டுகளில் வேலை முடிந்துவிடும் என்று அப்போது நம்பினார்கள். 1966இல் அமெரிக்க அரசு அமைத்த குழு அந்த நம்பிக்கையைக் கலைத்தது; நிதியும் வற்றியது. பொதுமக்கள் கைக்கு இலவசமாக இந்த வசதி வந்தது 1997இல், அல்டாவிஸ்டாவின் பேபல் ஃபிஷ் வழியாக. 2006இல் கூகுள் டிரான்ஸ்லேட் தொடங்கியது. அதில் தமிழ் சேர்ந்தது 2011 ஜூனில், தெலுங்கு, கன்னடம், வங்கம், குஜராத்தி ஆகியவற்றோடு.

2016இல் நரம்பு வலைப்பின்னல் முறைக்கு மாறியபோது மொழிபெயர்ப்பின் தரம் கூடியது. அதோடு, அதிகம் பேசப்படாத இன்னொரு மாற்றமும் நேர்ந்தது. பழைய இயந்திரங்கள் திக்கின. சொற்கள் முன்பின்னாகக் கிடக்கும், வேற்றுமை உருபு ஒட்டாமல் தொங்கும். படித்தவுடனே இது இயந்திரத்தின் வேலை என்று பிடிபட்டுவிடும், படிப்பவர் விழித்துக்கொள்வார். புதிய முறை, அடுத்து வரக்கூடிய சொற்களில் பொருத்தமானது எது என்று கணித்துக் கணித்து வாக்கியத்தைக் கட்டுகிறது. அதனால் வரும் வாக்கியம் வழுவழுப்பாக இருக்கிறது. மூலத்தில் இருந்த ஓர் 'இல்லை' காணாமல் போயிருந்தாலும் வழுவழுப்பு குறைவதில்லை. தமிழில் எழுவாயை விட்டுவிட்டுப் பேசுவது இயல்பு. 'நாளைக்கு வரச் சொன்னார்' என்பதில் யார், யாரை என்பது பேசுகிறவர்களுக்குத் தெரிந்திருக்கும். அதை ஆங்கிலமாக்கும் இயந்திரம் ஆணோ பெண்ணோ ஒருவரைக் கற்பித்துக்கொள்ளத்தான் வேண்டும். மறுதிசையில் நீயா நீங்களா என்பதை அதுவே முடிவு செய்கிறது. மாமியாருக்கு 'நீ' போய்ச் சேர்ந்தால் அதற்கு இலக்கணம்தான் காரணம் என்று விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

இப்படித் தவறிய வாக்கியம் பொய்யா என்ற கேள்வியை முதலில் தீர்த்துக்கொள்ளலாம். பொய்யைப் பற்றித் தனி நூலே எழுதிய கிறிஸ்தவச் சிந்தனையாளர் ஹிப்போவின் அகஸ்டின், ஏறக்குறைய கி.பி. 395இல், பொய் என்பது சொல்லுக்கும் உலகுக்கும் இடையிலான முரண் அல்ல, சொல்லுக்கும் மனத்துக்கும் இடையிலான முரண் என்று வரையறுத்தார். உண்மை என்று நம்பித் தவறானதைச் சொன்னவர் பொய்யர் ஆகமாட்டார். அந்தக் கணக்கில் மொழிபெயர்ப்புச் செயலியை நம்பியவர் தப்பித்துவிடுகிறார். ஆனால் அகஸ்டின் அங்கேயே ஒரு கொக்கியும் போட்டார். தனக்குத் தெரியாததைத் தெரிந்ததாக எண்ணிக்கொண்டு பேசுகிறவர் பொய்யர் இல்லாவிட்டாலும் குற்றமற்றவர் அல்ல என்பது அவர் கருத்து. அரட்டைக்கு நேராகப் பொருந்தும் பகுதி இதுதான். இயந்திரம் தந்த வாக்கியத்தைத் தம் சொந்த வாக்கியம்போல அனுப்புகிறவர், தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்கிறார்.

சமண நெறி இந்த வேறுபாட்டை இன்னும் தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறது. அங்கே வாய்மை ஒரு விரதம். அதற்கு அப்பால், துறவியின் ஐந்து சமிதிகளில் ஒன்றாகப் பாஷா சமிதி என்று தனியாக ஓர் ஒழுக்கம் உண்டு. நடக்கும்போது எறும்பு மிதிபடாமல் பார்த்து நடப்பது ஒரு சமிதி. அதே வரிசையில், பேசும்போது சொல்லின் விளைவைப் பார்த்துப் பேசுவது இன்னொன்று. பொய் சொல்லாதிருத்தல் மட்டும் போதாது, சொல் எங்கே போய் விழுகிறது என்று கவனிக்கவும் வேண்டும் என்பது இதன் உட்பொருள். திருக்குறளின் 'வாய்மை' அதிகாரமும் தொடக்கத்திலேயே வாய்மையைத் தீங்கின்மையால்தான் அளக்கிறது. அந்த அளவுகோலை எடுத்தால், 'நான் தமிழில் சரியாகத்தான் எழுதினேன்' என்ற சமாதானம் நிற்காது. கேட்டவர் மனத்தில் என்ன விழுந்தது என்பதும் கணக்கில் வந்துவிடுகிறது.

இந்தியத் தத்துவ மரபுகளில் இந்தச் சிக்கலுக்கு மிக அருகில் போனவர்கள் நியாய தரிசனத்தைச் சேர்ந்த நையாயிகர்கள். ஒருவர் சொல்லக் கேட்டு அறிவதை, காட்சி, அனுமானம் போன்றவற்றோடு ஒரு தனிப் பிரமாணமாகவே, அதாவது அறிவு பெறும் வழியாகவே, அவர்கள் ஏற்றார்கள். ஆனால் எவர் சொல்லும் பிரமாணம் ஆகிவிடாது. சொல்கிறவர் 'ஆப்தர்' ஆக இருக்கவேண்டும்: சொல்லும் பொருளை நேராக அறிந்தவர், அறிந்தபடியே பிறருக்குச் சொல்ல விரும்புகிறவர். நியாய சூத்திரத்துக்கு உரை எழுதிய வாத்ஸ்யாயனர் இங்கே வியப்பான ஒரு குறிப்பைச் சேர்க்கிறார். ரிஷியும் ஆப்தராகலாம், ஆரியரும் ஆகலாம், மிலேச்சரும் ஆகலாம். வேற்று மொழிக்காரர் என்பதால் நம்பத் தகாதவர் ஆகிவிடமாட்டார் என்று அந்தப் பழைய காலத்திலேயே எழுதிவைத்தது கவனிக்கத் தக்கது. இயந்திரமோ இந்த வரையறையின் இரண்டு பகுதிகளிலும் தோற்கிறது. அது பொருளை அறியவில்லை, சொல்ல விரும்பவும் இல்லை.

அறிவும் விருப்பமும் இல்லாத ஒன்றிலிருந்து பொருளுள்ள சொல் வந்தால் என்ன செய்வது? இதற்கும் நையாயிகர்களிடம் ஓர் உதாரணம் இருந்தது: கிளி. ஒரு வாக்கியத்தின் பொருளை அறியச் சொல்பவரின் கருத்தை, அதாவது தாத்பரியத்தை, அறியவேண்டும் என்பது அவர்கள் கொள்கை. பழக்கிய கிளி ஒரு வாக்கியம் சொல்கிறது, கேட்பவருக்குப் புரிகிறது. அங்கே யாருடைய தாத்பரியம்? 17ஆம் நூற்றாண்டில் விசுவநாதர் எழுதிய சித்தாந்த முக்தாவளி இதற்கு இரண்டாகப் பிரித்து விடை சொல்கிறது. கிளியின் சொல் உண்மையோடு ஒத்திருந்தால் அதன் பின்னால் உள்ளது ஈசுவரனின் தாத்பரியம். ஒவ்வாமல் போனால் கிளியைப் பழக்கியவனின் தாத்பரியம். பிழையை இறைவன் தலையில் போட முடியாது என்பதால் பழக்கியவன் மாட்டிக்கொள்கிறான். இதைப் படிக்கும்போது சிரிப்பு வரலாம். ஆனால் இந்த விடைக்குள் ஓர் உறுதியான நிலைப்பாடு இருக்கிறது. தவறான சொல்லுக்குப் பொறுப்பு மனம் படைத்த யாரோ ஒருவரிடம் போய்ச் சேரவேண்டும். கிளியோடு அது முடிந்துவிடாது.

மொழிபெயர்ப்பு இயந்திரத்தைப் பழக்கியது ஒரு நிறுவனம். அதற்குப் பங்கு இருக்கிறது, அது தன் சேவை விதிகளில் துல்லியத்துக்கு உத்தரவாதம் இல்லை என்று எழுதிக் கை கழுவினாலும். ஆனால் முக்தாவளியின் உதாரணத்தில் இல்லாத ஒருவர் அரட்டையில் இருக்கிறார்: கிளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்ப் பேசவைத்தவர். பழக்கியவருக்கு அந்த வீட்டையும் தெரியாது, அங்கே இருப்பவரையும் தெரியாது. எந்தச் சொல்லை யாரிடம், எந்த நேரத்தில் கொண்டுபோகலாம் என்று தீர்மானித்தவர் அனுப்பியவர்தான். ஆகவே பொறுப்பின் பெரும்பகுதி அவரிடமே தங்குகிறது. 1980இல் தத்துவஞானி ஜான் சேர்ல் தம் 'சீன அறை' வாதத்தில், குறிகளை விதிப்படி மாற்றித் தருவது புரிதல் ஆகாது என்று காட்ட முயன்றார். அதை ஏற்காதவர்கள் உண்டு. இயந்திரத்துக்குப் புரிகிறதா இல்லையா என்ற அந்த வழக்கு எப்படி முடிந்தாலும் அனுப்பியவரின் கணக்கு மாறாது.

அந்தப் பொறுப்பை நடைமுறையில் எப்படி நிறைவேற்றுவது என்பதற்கு யூத மரபில் ஒரு முன்மாதிரி உண்டு. யூத வேதமான தோராவின் எபிரேயம் மக்களுக்குப் புரியாமல் போன காலத்தில், தொழுகைக் கூடத்தில் வாசிப்பவர் அருகே ஒரு மொழிபெயர்ப்பாளர் நின்று அரமேயத்தில் சொல்வார். அவருக்கு மெதுர்கமான் என்று பெயர். அவர் எப்படி நடந்துகொள்ளவேண்டும் என்று யூதச் சட்ட நூல்களான மிஷ்னாவும் தல்மூதும் நுணுக்கமாக விதித்தன. தோராவில் ஒரு வசனத்துக்கு மேல் ஒரே மூச்சில் அவரிடம் வாசித்துவிடக் கூடாது. மொழிபெயர்ப்பை அவர் ஏட்டைப் பார்த்துப் படிக்கக் கூடாது, வாயாலேயே சொல்லவேண்டும். வாசிப்பவர் அவருக்கு அடி எடுத்துக் கொடுக்கவும் கூடாது. காரணத்தையும் தல்மூது சொல்லிவிடுகிறது: மொழிபெயர்ப்பும் தோராவிலேயே எழுதியிருக்கிறது என்று மக்கள் நினைத்துவிடுவார்கள். சொல்லுக்குச் சொல் பெயர்ப்பவனைப் பொய்யன் என்றும், கூட்டிச் சொல்பவனை இறைநிந்தனை செய்பவன் என்றும் கண்டித்த ஒரு ரப்பியின் கூற்றும் அங்கே உண்டு. மொழிபெயர்ப்பில் பிழை தவிர்க்க முடியாதது என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள் என்று இதிலிருந்து தெரிகிறது. பிழையை ஒழிக்க முடியாதபோது, மூலம் எங்கே முடிகிறது, பெயர்ப்பு எங்கே தொடங்குகிறது என்பதைக் கேட்பவர் கண்ணுக்கு மறையாமல் வைத்தார்கள்.

இஸ்லாமிய மரபிலும் இதே எச்சரிக்கை வேறு வடிவில் உண்டு. குர்ஆனின் மொழிபெயர்ப்பு குர்ஆன் ஆகாது, அதன் பொருளுக்கு ஒரு விளக்கம் மட்டுமே. 1930இல் தம் ஆங்கில ஆக்கத்தை வெளியிட்ட பிக்தால் அதற்குக் குர்ஆன் என்று மட்டும் பெயரிடாமல் குர்ஆனின் 'பொருள்' என்று பெயரிட்டது இதனால்தான்.

அரட்டையில் இந்த எல்லையைக் காட்டுவது கடினமான காரியம் இல்லை. முதல் செய்தியிலேயே இது இயந்திர மொழிபெயர்ப்பு என்று சொல்லிவிடலாம். தமிழ் மூலத்தையும் கூடவே அனுப்பலாம். பெற்றவருக்குத் தமிழ் தெரியாவிட்டாலும், சந்தேகம் வந்தால் தெரிந்தவர் ஒருவரிடம் காட்ட அது உதவும். ஒரு வசனம், ஒரு நிறுத்தம் என்ற மெதுர்கமான் விதிக்குச் சமமாகச் சின்ன வாக்கியங்களாக, எழுவாயை விடாமல், பேச்சுவழக்கைக் குறைத்து எழுதலாம். வந்த மொழிபெயர்ப்பைத் திரும்பத் தமிழாக்கிப் பார்க்கும் வழக்கம் பலரிடம் உண்டு. பெரிய பிழையை அது சில நேரம் காட்டிக்கொடுக்கும். ஆனால் போகும்போது நேர்ந்த பிழையைத் திரும்பும்போது அதே இயந்திரம் மூடி மறைத்துவிடவும் கூடும். மரியாதைக் குறைவு போன்றவை இந்தச் சோதனையில் பெரும்பாலும் சிக்குவதில்லை. எனவே அதைச் சான்றாகக் கொள்ள முடியாது. 'நான் சொன்னது உங்களுக்கு எப்படி வந்தது?' என்று எதிரில் இருப்பவரைக் கேட்பது அதைவிட நல்ல சோதனை.

பொறுப்பு அனுப்புகிறவருக்கு மட்டும் உரியதல்ல. 2017 அக்டோபரில் மேற்குக் கரையில் கட்டட வேலை செய்த பாலஸ்தீனர் ஒருவர், புல்டோசர் ஒன்றின் அருகே எடுத்த தம் படத்தைப் பேஸ்புக்கில் போட்டு, அரபியில் காலை வணக்கம் சொல்லியிருந்தார். தளத்தின் இயந்திரம் அதை எபிரேயத்தில் 'அவர்களைத் தாக்குங்கள்' என்ற பொருளில் மாற்றியது. இஸ்ரேலியக் காவல்துறை அவரைக் கைது செய்து சில மணி நேரம் விசாரித்துப் பிறகு விடுவித்தது. கைதுக்கு முன் அரபி தெரிந்த காவலர் எவரும் அந்த வரியைப் படிக்கவில்லை என்று செய்திகள் கூறின. நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. இங்கே எழுதியவர் இயந்திரத்தை அழைக்கவே இல்லை, படித்தவர்கள் அழைத்தார்கள். அதிகாரமும் அச்சமும் உள்ள கையில் ஒரு மொழிபெயர்ப்பு கிடைத்தால், அதைப் படிக்கும் கண் முன்முடிவோடுதான் படிக்கும். அத்தகைய இடத்தில் இயந்திரத்தின் சொல்லைச் சந்தேகத்துக்குத் தொடக்கமாகக்கூட எடுத்துக்கொள்வது அநியாயம். ஆப்தர் அல்லாதவரின் சொல்லைப் பிரமாணமாகக் கொண்டால் குற்றம் கொண்டவர் மேல்தான்.

மூன்றாம் நபரின் சொல் இன்னொரு சங்கடம். அரட்டையில் வந்த செய்தியை வெட்டி ஓர் இலவசத் தளத்தில் ஒட்டும்போது, எழுதியவரின் இரகசியம் அந்த நிறுவனத்தின் சர்வருக்குப் போகிறது. இரு முனைகளுக்கு இடையில் பூட்டப்பட்ட அரட்டைச் செயலியாக இருந்தாலும், ஒட்டிய கணத்தில் பூட்டு திறந்துவிடுகிறது. திறந்தவர் பெற்றவர், இழந்தவர் எழுதியவர். 2017 செப்டம்பரில் நார்வேயில், இலவச மொழிபெயர்ப்புத் தளம் ஒன்றில் ஊழியர்கள் ஒட்டிய நிறுவன ஆவணங்கள் தேடுபொறியில் யாரும் எடுக்கும்படி கிடந்தது வெளிச்சத்துக்கு வந்தது. பாவ அறிக்கையைக் கேட்கும் பாதிரியாரை முத்திரை இடப்பட்ட வாயாகக் கருதும் கத்தோலிக்க மரபும், கட்சிக்காரரின் சொல்லை வெளியிடக் கூடாது என்ற வழக்கறிஞர் தொழில் விதியும் ஒரே அடிப்படையில் நிற்கின்றன. நம்பிச் சொன்ன சொல் கேட்டவரின் உடைமை ஆகிவிடாது. நோய், கடன், குடும்பத் தகராறு பற்றிய செய்திகளை வெளித் தளத்தில் ஒட்டுமுன் எழுதியவரைக் கேட்டுக்கொள்வது அந்த நெறியின் எளிய நீட்சி. கைபேசிக்குள்ளேயே வேலை செய்யும் மொழிபெயர்ப்பு வசதிகள் இப்போது வந்துவிட்டதால், 'வேறு வழியில்லை' என்ற சமாதானமும் பலவீனமாகிவிட்டது.

இனி 'இலவசம்' என்ற பகுதி. 2011 மே மாதத்தில் கூகுள், மென்பொருள் எழுதுவோர் இலவசமாகப் பயன்படுத்திவந்த தன் மொழிபெயர்ப்பு இணைப்பு வாசலை மூடப்போவதாக அறிவித்தது. அளவுமீறிய முறைகேட்டால் தாங்க முடியாத செலவு ஏற்பட்டது என்பது அது சொன்ன காரணம். எதிர்ப்புக்குப் பிறகு கட்டண வடிவம் வந்தது, அந்த ஆண்டு டிசம்பரில் இலவச வாசல் அடைபட்டது. சிறிய அரட்டை மென்பொருள்களில் மொழிபெயர்ப்பு வசதி சேர்த்திருந்த தன்னார்வலர்கள் பலர் அதனால் தவித்துப்போனார்கள். பெரு நிறுவனத்தின் கணக்கு வழக்கை அப்படியே நம்பவேண்டியதில்லை. இலாபக் கணக்கும் அதில் இருந்திருக்கலாம். ஆனாலும் முறைகேடு என்ற சொல்லில் உண்மை இருந்தது. சித்திரை வெயிலில் வைத்த தண்ணீர்ப்பந்தலில் ஒருவர் வயிறு முட்டக் குடித்தால் யாரும் தடுக்கமாட்டார்கள். டிரம் கொண்டுவந்து நிரப்பி வண்டியில் ஏற்றினால் அடுத்து வருபவருக்குப் பானை காலி. அரட்டைக் குழுவில் போடப்படும் ஒவ்வொரு வரியையும், யாரும் கேட்காமலே, ஐந்து மொழிகளுக்கு மாற்றிக் கொட்டும் தானியங்கி அந்த டிரம்மைப் போன்றது. பெரும்பாலான வரிகளை யாரும் படிப்பதுகூட இல்லை.

கொடுக்கப்படாததை எடுக்காதிருத்தல் பௌத்தத்தின் ஐந்து சீலங்களில் இரண்டாவது. இலவசச் சேவையில் எடுப்பது களவு ஆகுமா என்று ஒருவர் கேட்கலாம், கதவு திறந்துதானே இருக்கிறது? திறந்த கதவு எதற்காகத் திறந்திருக்கிறது என்பதில்தான் விடை இருக்கிறது. ஓர் ஆள் ஒரு செய்தியைப் புரிந்துகொள்ளக் கொடுத்ததை, வரம்பை ஏமாற்றிப் பல போலிக் கணக்குகளால் உறிஞ்சினால், கொடுக்கப்பட்டதற்கு மேல் எடுத்ததாகிறது. பொதுச் சொத்துகளை ஆராய்ந்து 2009இல் நோபல் பெற்ற எலினோர் ஆஸ்ட்ரம், பயன்படுத்துவோரே வரம்பு வகுத்துக்கொண்ட இடங்களில் பொதுவளம் நீடித்ததைக் காட்டினார். அரட்டையில் அந்த வரம்பு மிகச் சாதாரணமானது: கேட்டவருக்கு மட்டும், கேட்ட வரியை மட்டும் மாற்றுவது, ஒருமுறை மாற்றியதைச் சேமித்துவைத்து மறுபடி கேட்காமல் இருப்பது. அதிகம் தேவைப்படுவோர் தம் கணினியிலேயே இயக்கிக்கொள்ளத் திறந்தமூல வழிகளும் உண்டு. ஸ்பெயினின் அலிகான்டே பல்கலைக்கழகத்தில் தொடங்கிய அபெர்டியம் அவற்றில் ஒன்று. இந்திய மொழிகளுக்குச் சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு 2023இல் வெளியிட்ட இண்டிக்டிரான்ஸ்2, அரசியலமைப்பின் அட்டவணையில் உள்ள 22 மொழிகளுக்கும் பயன்படும். அவற்றில் தமிழும் ஒன்று.

எல்லாக் கவனமும் எடுத்தாலும் இயந்திரத்திடம் விடக் கூடாத பேச்சுகள் சில எஞ்சுகின்றன. அறுவை சிகிச்சைக்குச் சம்மதம் கேட்பது, காவல் விசாரணை, அகதி தன் கதையைச் சொல்வது, ஒப்பந்தத்தில் கையெழுத்துக்கு முந்தைய உரையாடல் போன்றவை அவை. பிழை திருத்தப்படுமுன் விளைவு நேர்ந்துவிடும் என்பது இவற்றின் பொதுத்தன்மை. சாதாரண அரட்டைக்கு உள்ள பெரிய பாதுகாப்பு, மறுபடி கேட்க முடியும் என்பது. அந்த வாய்ப்பு அற்றுப்போன இடத்தில் பெயரும் பொறுப்பும் உள்ள மனிதர் ஒருவர் தேவை.

இதற்கும் விலக்கு உண்டு. மகாபாரதத்தின் சாந்தி பருவம் ஆபத்து காலத்துக்கு என்று தனித் தருமமே வகுத்தது. வழக்கமான நெறி தளரும் நேரங்களும் இருக்கின்றன. 2010 ஜனவரியில் ஹைட்டியை நிலநடுக்கம் சிதைத்தபோது, இடிபாடுகளிலிருந்தும் தெருக்களிலிருந்தும் ஹைட்டிய கிரியோல் மொழியில் குறுஞ்செய்திகள் 4636 என்ற எண்ணுக்கு வந்தன. உதவிக்கு வந்த வெளிநாட்டவருக்கு அந்த மொழி தெரியாது. மைக்ரோசாப்ட் ஆய்வாளர்கள் ஐந்து நாளுக்குள் ஒரு மொழிபெயர்ப்பு இயந்திரத்தைக் கட்டி இலவசமாக வெளியிட்டார்கள். அது பிழையுள்ளது என்று எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் ஒன்றும் புரியாமல் இருப்பதைவிட மேல். அதே நாட்களில் அந்தக் குறுஞ்செய்திகளை ஆங்கிலமாக்கும் பணியைச் செய்தவர்கள் அமெரிக்காவிலும் பிற நாடுகளிலும் வாழ்ந்த ஹைட்டியத் தன்னார்வலர்கள். மொழியோடு அந்தத் தெருக்களையும் தெரிந்தவர்கள் என்பதால், செய்தி வந்த இடம் எது என்பதையும் அவர்களால் அடையாளம் சொல்ல முடிந்தது.